இரவல் வந்த கடல் முயல்

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கருமத்தம்பட்டியிலிருந்து சரவணம்பட்டிக்கு நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். அவள் மடியில் மூடி போட்ட ஒரு பக்கெட். பக்கெட்டுக்குள் ஓர் உயிர். அது எங்களுடையது இல்லை, இரவல் வாங்கியது என்பதுதான் என்னைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. அது என்ன உயிர், அதை ஏன் இரவல் வாங்கினேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விசைத்தறி மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். தொழிலில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை. குறை எல்லாம் என் மனசில்தான். பட்டறையைப் பூட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்த பிறகு, பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மனைவி கேஸை அணைத்த பிறகு நான் ஒருதரம் போய்த் திருகிப் பார்ப்பேன். வெளியூர் கிளம்பினால் பஸ் டயரைக் குனிந்து பார்க்காமல் ஏறமாட்டேன். "இவரு செத்தாலும் மூச்சு நின்னுருச்சான்னு எந்திரிச்சு ஒருதரம் பாத்துப்போட்டுத்தானுங்க படுப்பாரு" என்று ஒறம்பரைச் சொந்தங்கள் வரும்போதெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

என் அவஸ்தையைப் பார்த்த தறிக்காரர் ஒருவர், "ஊட்டுல ஒரு மீன் தொட்டி வாங்கி வெய்யுங்க. சித்த நேரம் பாத்துட்டு உக்காந்தா மனசு அடங்கிப்போகும்" என்றார். சரி என்று கோயமுத்தூரில் ஒரு மீன் கடைக்குப் போனேன். சாதாரண மீன் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடைக்காரர் ஓரமாக வைத்திருந்த ஒரு தொட்டியில், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. கடல் மீனாம். உப்புத் தண்ணீரில்தான் வாழுமாம். என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

மனசு அடங்க வாங்கிய தொட்டி, இருந்த கொஞ்ச நிம்மதியையும் கொண்டுபோய்விட்டது. சுத்திகரித்த தண்ணீரில் கடல் உப்பைக் கலக்க வேண்டும். அளவு கொஞ்சம் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஏனென்றால் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும். கரண்டு போனால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். இதெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரியத் தெரியப் பயம் கூடிக்கொண்டே போனது. பட்டறையிலிருந்து மத்தியானம் சாப்பிட வரும்போது மனைவி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியைத்தான் பார்ப்பேன்.

வாரக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, பிறகுதான் மீன் விட்டேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. பாசிதான் பிடித்தது. முதலில் மணல்மேல் பழுப்பாகத் தூசி மாதிரிப் படிந்தது. பிறகு பச்சை. கடைசியில் கல்லுக்கெல்லாம் முடி முளைத்தது. தலைமுடி போலவே நீளம் நீளமாக அலையில் ஆடியது. பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தெடுப்பேன். சில நாளில் மறுபடி முளைத்துவிடும்.

"ஏனுங்க, இத்தன செலவு பண்ணி ஒரு மாட்டுத் தொட்டியத்தான் வாங்கி வெச்சிருக்கறீங்களா?" என்றாள் மனைவி.

கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் பதறவில்லை. புதுத் தொட்டி என்றால் இப்படித்தான், அதைத் தின்பதற்கென்றே கடலில் ஓர் உயிர் இருக்கிறது என்றார். ஓடு இல்லாத நத்தை வகை. தலையில் முயல் காது மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருப்பதால் கடல் முயல் என்று பெயர். "ஆனா வெலைக்கு வாங்காதீங்க. இரவல் வாங்கிக்குங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: அது ஒரு தொட்டியின் பாசியைக் கொஞ்ச நாளில் மொத்தமாகத் தின்று தீர்த்துவிடும். அப்புறம் தின்ன ஒன்றும் இல்லாமல் பட்டினியில் செத்துப்போகும். அதனால் இந்தப் பக்கம் கடல் மீன் வளர்ப்பவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு, ஒருவர் வீட்டில் பாசி தீர்ந்ததும் பாசி பிடித்த அடுத்த வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவள் பிறந்த ஊர் காங்கேயத்துப் பக்கம். "எங்கூட்டுல ஆடு ஒரு கொறங்காட்ட மேஞ்சு முடிச்சா, படலத் தொறந்து அடுத்த காட்டுல உடுவாங்க. அதே கதைதானுங்க. வரச் சொல்லுங்க, நம்ம காட்டுலயும் சித்த மேயட்டும்" என்றாள்.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்தக் குழுவில் இருக்கும் ஒரு பெண் சரவணம்பட்டியிலிருந்து அதைக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், அதனால்தான் சாயங்காலம் வந்ததாகச் சொன்னாள். இருபத்தைந்து வயசு சொல்லலாம். முன்பின் தெரியாத எங்களுக்காக ஒரு பக்கெட்டை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்திருந்தாள். மூடியைத் திறந்தால், உள்ளங்கை அளவுக்கு, நனைந்த பழைய சாக்கு மாதிரி பழுப்பும் பச்சையுமாக ஒன்று கிடந்தது. என் மனைவி முகத்தைச் சுளித்தாள். அப்போது அது மெதுவாகத் தலையைத் தூக்கி இரண்டு காதையும் நீட்டியது. "அய்யோ, கண்ணு!" என்று இவள் அதைக் கூப்பிட்டேவிட்டாள்.

அப்படியே தூக்கித் தொட்டிக்குள் போடக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுகிற மாதிரி மெல்லிய குழாயில் எங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பக்கெட்டுக்குள் விட்டு, அது பழகிய பிறகுதான் மாற்ற வேண்டுமாம். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பெண் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டபடி எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பம்பு தண்ணீர் இழுக்கும் வாயில் ஸ்பாஞ்சு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதை இழுத்துவிடும். பயந்தால் ஊதா நிறத்தில் மை கக்கும். சின்னப் பாத்திரத்தில் கக்கினால் உடனே தண்ணீரை மாற்ற வேண்டும்.

"அப்பறம் முக்கியமா ஒண்ணுங்கண்ணா. செம்பு மட்டும் ஆகவே ஆகாது. மீனுக்குச் சீக்கு வந்தா செம்பு கலந்த மருந்து ஊத்துவாங்க. மீன் தாங்கிக்கும். இவனுக்கு வெஷம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நான் கையில் பிடித்திருப்பதே செம்புக் கம்பிதான். அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சோப்புப் போட்டு நல்லாக் கழுவி, சோப்பும் போன பொறவு கைய விடுங்கண்ணா, போதும்" என்றாள். கிளம்பும்போது என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தோ என்னமோ, "கவலப்படாதீங்க. இவன் இதுவரைக்கும் நெறய ஊடு பாத்துட்டான். எங்கயும் ஒண்ணும் ஆனதில்ல" என்றாள்.

ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்கு அது கல்லாக விழுந்தது. அத்தனை வீட்டிலும் ஆகாதது என் வீட்டில் ஆகிவிட்டால்?

அன்றிலிருந்து தொட்டியில் கை வைக்கும் முன்னால் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவேன். நகக்கண்ணில் செம்புத் தூள் இருக்குமோ என்று பிரஷ் போடுவேன். மனைவி துண்டோடு பக்கத்தில் நிற்பாள். "டாக்டரு, ஆபரேசன் எத்தன மணிக்குங்க?" என்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது மேய்கிறதைப் பார்க்க ஆரம்பித்தால் கண்ணை எடுக்க முடியாது. வாயைக் கல்லில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு கடி, அந்தப் பக்கம் ஒரு கடி என்று அவசரமே இல்லாமல் நகரும். அது போன தடத்தில் கல் வெள்ளையாகத் தெரியும். சோற்றுத் தட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்தால் பூட்டு, கேஸ், கரண்டு ஒன்றும் ஞாபகத்துக்கு வராது. தறிக்காரர் சொன்ன அந்த அடங்குவது என்னவென்று அந்தச் சில நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அதைக் கெடுத்தது ஒரு சொட்டுத் தண்ணீர்.

தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியில், தண்ணீரை மேலே ஏற்றும் குழாயில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வால்வு இருந்தது. ஒருநாள் அதன் கழுத்தில் ஒரு சொட்டு நின்றது. துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு சொட்டு. என் மனசு சும்மா இருக்குமா? அந்தச் சொட்டு ஓட்டையாகி, தொட்டித் தண்ணீர் எல்லாம் இறங்கி, பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் போர்டில் ஏறி, வீடே எரிகிற வரைக்கும் போய்விட்டது. பட்டறைக்கு ஓடினேன்.

எங்கள் தொழிலில் பிளாஸ்டிக் என்றால் இளக்காரம். பித்தளை என்றால் மரியாதை. பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக்கை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டறை மேசை டிராயரில், பழைய போர் பம்பிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை வால்வு கிடந்தது. கையில் எடுத்தால் கனம் தெரியும். அதைத் தேய்த்துத் தங்கம் மாதிரிப் பளபளப்பாக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மரையில் டேப் சுற்றி மாட்டினேன். ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன். அன்றைக்கு ராத்திரி பட்டறைப் பூட்டைக்கூடப் போய்ப் பார்க்காமல் தூங்கினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். கடல் முயல் மேய்வது குறைந்தது. பின்பக்கத்துக் கல்லில் பாசி அப்படியே இருக்க, இது ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. காது இரண்டும் மடிந்துவிட்டது. கல்லோடு வந்து சேர்ந்து கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் உதிர்ந்தன. மீன் இரண்டும் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் காயிலை எண்ணிச் சுற்றும்போது எண்ணிக்கை தவறியது. தண்ணீர்ச் சூடு பார்த்தேன், சரியாக இருந்தது. உப்பு பார்த்தேன், சரி. ஸ்பாஞ்சு பார்த்தேன், இருந்த இடத்தில் இருந்தது. கொசுவர்த்திப் புகையாக இருக்குமோ என்று அதை நிறுத்தினேன். "அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, என்னயக் கொசு தின்னாப் பரவால்லீங்களா?" என்று மனைவி கத்தினாள். ஊதுவத்தியையும் நிறுத்தினேன். அதற்கு அவள் சாமி படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் போட்டோ அனுப்பினேன். அவள் போன் பண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். சூடு? சொன்னேன். உப்பு? சொன்னேன். மருந்து எதாவது? "சத்தியமா இல்லீங்க." கை கழுவுறீங்களா? "தோல் உரியற அளவுக்குங்க." எல்லாம் உண்மை. "சில சமயம் ரெண்டு நாள் சும்மா கெடக்கும்ணா. பாப்போம்" என்றாள். அவள் குரலில் இருந்த கவலையை நான் கண்டுபிடித்துவிட்டேன். கவலையைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அடுத்த நாள், நான் முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகைக்காக மனைவி பெட்டியிலிருந்த பித்தளை விளக்குகளை எல்லாம் எடுத்து முற்றத்தில் பரப்பி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தேய்க்கத் துணி வேண்டும் என்று உள்ளே வந்தாள். பழைய துணியெல்லாம் தொட்டிக்குக் கீழே அலமாரியில்தான் கிடக்கும். கதவைத் திறந்து குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, இதையும் வெளக்கோட சேத்துத் தேச்சுப்போடட்டுங்களா? உங்க வால்வும் களிம்பேறிக் கெடக்குது பாருங்க."

நான் குனிந்து பார்த்தேன். நான் தங்கம் மாதிரித் தேய்த்து மாட்டிய வால்வின் கழுத்தைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "களிம்பேறாம என்ன பண்ணும்? உப்பும் புளியும் பட்டாப் பித்தளை சும்மா இருக்குமா? எந்தப் பொம்பளையாச்சும் ஊறுகாயப் பித்தளையில போட்டு வெப்பாளா?"

எனக்குக் காதுக்குள் ஙொய் என்று சத்தம் கேட்டது. பித்தளை என்றால் என்ன? செம்பும் துத்தநாகமும். ஊரில் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான். நான் பாதி ஆயுசு அதில்தான் ஓட்டியிருக்கிறேன். நகக்கண்ணில் இருக்கும் தூளுக்குப் பயந்து கையைப் பிராண்டிப் பிராண்டிக் கழுவினவன், அரைக் கிலோ செம்பைக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு வாரமாகத் தொட்டித் தண்ணீர் முழுக்க அதற்குள் புகுந்து புகுந்து வருகிறது. எனக்கு அது செம்பாகத் தோன்றவே இல்லை. நல்ல சாமானாகத்தான் தோன்றியது.

பம்பை நிறுத்தி, மீனுக்கு மூச்சு முட்டாமலிருக்க, கரண்டு போனால் ஆகும் என்று வாங்கி வைத்திருந்த சின்னக் காற்று மோட்டாரைப் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குப் போயிருப்பாள் என்பது பிறகுதான் உறைத்தது. மூலையில் கிடந்தது மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இதற்கு மேல் இந்தத் தண்ணீரில் ஒரு நிமிஷம் வைக்கக் கூடாது. நல்ல வேளை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதற்காக உப்புக் கலந்து வைத்த புதுத் தண்ணீர் ஒரு கேன் இருந்தது. பக்கெட்டில் பாதியை ஊற்றி, கடல் முயலை இரண்டு கையாலும் ஏந்தி அதில் விட்டேன். கையில் ஜெல்லி மாதிரி வழுக்கியது. உயிர் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

"வண்டிய எடுங்க" என்றாள் மனைவி. புளிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "நானும் வாரேன். நீங்க தனியாப் போனா வழி நெடுக வண்டிய நிறுத்தி மூடியத் தொறந்து தொறந்து பாத்துட்டுக் கெடப்பீங்க."

மிச்சத் தண்ணீர்க் கேனை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது. எதையும் ஒன்று கூடுதலாகக் கொண்டுபோகாவிட்டால் எனக்கு வாசல் தாண்டக் கால் வராது.

அவிநாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் மெதுவாகப் போனேன். வேகத்தடை வந்தால் நின்று ஏறி இறங்கினேன். பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவசரமாகவும் போக வேண்டும், ஆடாமலும் போக வேண்டும். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? என் வீட்டுக்கு அடுத்து பாசியோடு காத்திருக்கிற வீட்டுக்காரரிடம் அவள் என்ன சொல்வாள்? நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. நீலாம்பூர் தாண்டி, காளப்பட்டி வந்தபோது பின்னாலிருந்து ஒரு அலறல்.

"ஏனுங்க! நிறுத்துங்க! உள்ள ரத்தமாட்ட இருக்குதுங்க!"

ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தேன். தண்ணீர் முழுக்க பீட்ரூட் வேக வைத்த மாதிரி ஊதா. அதுதான் மை என்று எனக்குத் தெரியும். உடனே தண்ணீரை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். கேனில் தண்ணீரும் இருக்கிறது. ஆனால் ஊற்றுவதற்கு வேறு பாத்திரம்? இந்தப் பக்கெட்டெல்லாம் மை. அதற்குள் டீ கிளாஸோடு நான்கைந்து பேர் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"என்னங்க அது, சாயமா?"

"கடல் முயலுங்க" என்றேன்.

"முயலா! கறிக்குங்களா?"

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங், உங்களுக்குத்தான் கொண்டாந்தோம். உக்காருங்க, எலை போடறேன்" என்றாள். கேட்டவர் டீயைக் குடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

கல்லாவில் இருந்த பேக்கரிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. என் கையையும் கேனையும் பார்த்தார். பன் அடுக்கி வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, உள்ளே இருந்த பன்னை எல்லாம் பேப்பரில் கொட்டினார். கழுவப் போனார். "குழாய்த் தண்ணி படக் கூடாதுங்க" என்று நான் கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உலர்ந்த துணியால் ஒரு தூசி இல்லாமல் துடைத்து நீட்டினார். புதுத் தண்ணீரை அதில் ஊற்றி, ஊதாத் தண்ணீருக்குள் கைவிட்டு அதைத் தேடி எடுத்து மாற்றினேன். டப்பாவுக்குக் காசு கொடுக்கப் பாக்கெட்டில் கை வைத்தேன்.

"மொதல்ல அதக் கொண்டுபோய்ச் சேத்துங்க. அப்பறம் பேசலாம்" என்றார்.

மை கக்கியது என்றால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். காளப்பட்டியிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

நாங்கள் போய்ச் சேரும்போது அந்தப் பெண் அப்போதுதான் சர்ச்சிலிருந்து அம்மாவோடு வந்து, படியேறிக்கொண்டே போனைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தாள். திரை நிறைய என் மிஸ்டு கால். என்னைக் கண்டதும் படியிலேயே நின்றாள்.

"பித்தளை வால்வு மாட்டிப்போட்டனுங்க" என்றேன். மாட்டிய நாளிலிருந்து நடந்ததை அங்கேயே நின்று கொட்டிவிட்டேன்.

அவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதே மெல்லிய குழாய், அதே சொட்டு. சொட்டைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னாள். "மருந்து கேட்டேன், கை கழுவறதக் கேட்டேன். குழாயில எதாச்சும் மாத்துனீங்களான்னு கேக்கோணும்னு எனக்கும் தோணலையேண்ணா."

என் தப்பில் பாதியை அவள் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அவளுடைய தொட்டியின் மூலையில் அதை விட்டோம். விட்ட இடத்திலேயே கிடந்தது. அவள் அம்மா சாப்பிடச் சொன்னார். என் மனைவி உட்கார்ந்து சாப்பிட்டாள், குழம்பில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள், இரண்டு பேரும் கார்த்திகையைப் பற்றியும் கிறிஸ்துமஸைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். நான் தொட்டி முன்னாலேயே நின்றேன். கால் வலித்தபோது மறுகாலில் நின்றேன். மத்தியானம் திரும்பியது. காது மடிந்தது மடிந்தபடியே இருந்தது.

அப்போது எனக்குக் கீழே வண்டியைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. மேலே ஏறி வந்தால் மூன்று பேரும் தொட்டி முன்னால் நிற்கிறார்கள்.

"வாங்க, வாங்க" என்றாள் என் மனைவி. "நீங்க பூட்டப் பாத்துட்டு வாற வரைக்கும் அது காத்துட்டு இருக்குமா? காதத் தூக்கிருச்சு."

ஒரு காதுதான். பாதிதான். ஆனால் தூக்கியிருந்தது. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை.

திரும்பி வரும்போது அந்த பேக்கரியில் நிறுத்தி டப்பாவைக் கொடுத்தோம். "பொழச்சுதுங்களா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பிழைத்துவிடும் போல் இருக்கிறது என்றேன். காசு வாங்கவில்லை. அதற்காக நாங்கள் இரண்டு பேரும் பசி இல்லாமலேயே பன்னும் டீயும் சாப்பிட்டோம்.

கடல் முயல் சில நாளில் மேய ஆரம்பித்ததாக அந்தப் பெண் வீடியோ அனுப்பினாள். நான் பித்தளையைக் கழற்றிப் புது பிளாஸ்டிக் வால்வு போட்டேன். செம்பை உறிஞ்சி எடுக்கும் ஒரு பொருளைக் கடைக்காரர் கொடுத்தார். அதைப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, அவர் சோதித்துச் சரி என்று சொல்லப் பொங்கல் தாண்டிவிட்டது. பித்தளை வால்வைத் தொண்டாமுத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் தென்னந்தோப்பு பம்புக்கு வாங்கிப்போனார். போன மாதம்கூடச் சொன்னார், ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். அதன் இடத்தில் அது நல்ல சாமான்தான்.

மாசியில் எங்கள் கல்லில் மறுபடி பச்சை முளைத்தது. குழுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிதான் போட்டோ எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அதே பக்கெட்.

"மறுக்காவும் எங்ககிட்டயேவா கண்ணு?" என்றாள் என் மனைவி.

"மேய்ச்சல் இருக்கற காட்டுக்குத்தானுங்கக்கா ஓட்டோணும்" என்று அந்தப் பெண், முன்னொருநாள் என் மனைவி அவளிடம் சொல்லியிருந்த ஆட்டுக் கதையையே திருப்பிச் சொன்னாள். யாரும் சொல்லாமலேயே நான் போய் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போதும் நான் பூட்டை இழுத்துப் பார்க்கிறவன்தான், கேஸைத் திருகிப் பார்க்கிறவன்தான், அது என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் பயந்த இடத்தில் எல்லாம் ஒன்றும் நடக்காமல், நான் நிம்மதியாகத் தூங்கின அந்த ஒரு ராத்திரியில்தான் அந்த உயிருக்கு விஷம் இறங்க ஆரம்பித்தது என்பதை நினைத்துக்கொண்டு, எதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லையோ அதையும் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இப்போது படுக்கப் போகிறேன்.